லண்டன் அசைன்மென்ட்டில் நாம் இடறுவது எங்கே?

செப்டம்பர் பிறந்தால் ஹீத்ரோவில் வந்து இறங்கும் விமானங்களில் நம்ம ஊர் மாணவர்கள் நிறைய இருப்பார்கள். சென்னை, கோவை, திருச்சி, நெல்லை என்று பல ஊர்களிலிருந்து ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க வருகிறவர்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. வந்த வேகத்தில் பகுதிநேர வேலை, வாடகை, குளிர் எல்லாவற்றையும் சமாளித்துவிடுவார்கள். முதல் அசைன்மென்ட்டின் மதிப்பெண் வரும்போதுதான் அடி விழும். 70 எதிர்பார்த்த இடத்தில் 48. இங்கே முதுகலையில் தேர்ச்சி பெறவே பொதுவாக 50 வேண்டும். கீழே பேராசிரியர் ஒரு வரி எழுதியிருப்பார்: "விவரம் அதிகம், கிரிட்டிக்கல் அனாலிசிஸ் போதாது."

உடனே பையன் என்ன முடிவுக்கு வருகிறான்? "என் இங்கிலீஷ் சரியில்லை போல." இலக்கண ஆப் ஒன்றை இறக்கிக்கொள்கிறான், பெரிய பெரிய வார்த்தைகளைத் தேடிப் போடுகிறான். அடுத்த அசைன்மென்ட்டிலும் அதே குறிப்பு வருகிறது.

நோய் அதுவல்ல என்பதற்கு நம்ம வீடுகளிலேயே சாட்சி இருக்கிறது. ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் பிறந்து வளர்ந்த நம்ம பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் முதல் மொழி மாதிரி. அவர்களின் ஜி.சி.எஸ்.இ. கட்டுரைத் தாளிலும் ஆசிரியர்கள் இதே போன்ற குறிப்பைத்தான் எழுதுகிறார்கள்: கருத்து இருக்கிறது, வளர்க்கவில்லை, சொல்லியிருக்கிறாய், ஏன் என்று விளக்கவில்லை. ஆகவே இது மொழிப் பிரச்சினை அல்ல. பத்தி எழுதும் பழக்கம் இல்லாத பிரச்சினை.

பதினாறு மார்க் பழக்கம்

தமிழ்நாட்டில் பொறியியல் படித்த என் வயதுக்காரர்களுக்கு "ரெண்டு மார்க், பதினாறு மார்க்" என்றாலே போதும், விளக்கம் வேண்டாம். பதினாறு மார்க் விடைக்கு ஒரு வடிவம் உண்டு. முதலில் வரையறை, பிறகு பென்சிலில் படம், பிறகு வரிசையாகப் பாயின்டுகள், கடைசியில் நன்மைகள், தீமைகள். பாயின்ட் எத்தனை என்று எண்ணி மார்க் விழும் என்பது விடுதியில் எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம். இலங்கையில் உயர்தரம் படித்தவர்களைக் கேட்டால், மாதிரி விடைகளை மனப்பாடம் செய்த கதையை அவர்களும் சொல்வார்கள்.

அந்த முறையை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. ஒரு பாடம் முழுவதையும் நினைவில் அடுக்கி, மூன்று மணி நேரத்தில் எழுதி முடிப்பது சாதாரணத் திறமை இல்லை. ஆனால் அந்த விடை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: "உனக்கு என்ன தெரியும்?" லண்டன் பல்கலைக்கழகம் கேட்பது வேறு கேள்வி: "தெரிந்ததை வைத்து நீ என்ன முடிவுக்கு வருகிறாய், நான் அதை ஏன் நம்ப வேண்டும்?" பாயின்டுகளை அடுக்கினால் இரண்டாவது கேள்விக்குப் பதில் வராது. ஒரு பாயின்டுக்கும் அடுத்த பாயின்டுக்கும் நடுவில் உள்ள "ஆகவே", "ஆனாலும்", "ஏனென்றால்" ஆகியவற்றில்தான் யோசனை இருக்கிறது. அந்த இடத்தைத்தான் நாம் காலியாக விட்டுவிடுகிறோம்.

பத்தி என்பது என்ன?

பத்தி என்றால் நாலைந்து வரிகளுக்கு ஒருமுறை இடம் விட்டு எழுதுவது என்றுதான் பலர் நினைக்கிறோம். ஒரு பத்தி ஒரே ஒரு கருத்தை எடுத்து நிலைநாட்டும் கருவி. இதை ஆங்கிலத்தில் பாடமாக வகுத்தவர்களில் முக்கியமானவர் அலெக்ஸாண்டர் பெயின். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். 1866-ல் அவர் வெளியிட்ட பாடநூலில், பத்தியின் தொடக்கத்திலேயே பொருள் தெரிய வேண்டும், எல்லா வாக்கியங்களும் ஒரே நோக்கத்துக்கு உழைக்க வேண்டும், ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதோடு தொடர வேண்டும் என்று வகுத்தார். இன்று இங்குள்ள பள்ளிகளில் "பாயின்ட், எவிடன்ஸ், எக்ஸ்பிளேன்" என்று சொல்லிக்கொடுப்பதும் அந்த வழியில் வந்ததுதான்.

பத்திகளில் நான்கு வகை சொல்வார்கள்: வர்ணிப்பது, நடந்ததைச் சொல்வது, விளக்குவது, வாதிடுவது. லண்டன்வாசிகள் எல்லோருக்கும் தெரிந்த யூலெஸ் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம்.

வர்ணிக்கும் பத்தி, காலை எட்டு மணிக்கு சவுத் சர்குலர் சாலை எப்படி இருக்கிறது என்று காட்டும்: வரிசை வரிசையாக வண்டிகள், புகை, நடைபாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

நடந்ததைச் சொல்லும் பத்தி கால வரிசையில் போகும்: 2019 ஏப்ரலில் மத்திய லண்டனில் தொடங்கியது, 2021 அக்டோபரில் நார்த், சவுத் சர்குலர் சாலைகள் வரை விரிந்தது, 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களுக்கும் வந்தது.

விளக்கும் பத்தி, அது எப்படி இயங்குகிறது என்று சொல்லும்: கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கிறது, பெட்ரோல் கார் யூரோ 4, டீசல் கார் யூரோ 6 தரத்தில் இல்லையென்றால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு.

இந்த மூன்றையும் நம்ம மாணவர்கள் அழகாக எழுதுகிறார்கள், அதோடு நிறுத்தியும் விடுகிறார்கள். 48-க்கும் 70-க்கும் நடுவில் நிற்பது நான்காவது வகைதான்.

வாதிடும் பத்தி இப்படிப் போகும். முதலில் கருத்து: யூலெஸ் விரிவாக்கம் நியாயமானது. அடுத்து சான்று: லூயிஷாமில் சவுத் சர்குலர் சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி 2013-ல் ஆஸ்துமாவால் இறந்தாள், அவள் இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். பிறகு விளக்கம்: வண்டிப் புகை வெறும் அசௌகரியம் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது என்பதை இந்த முடிவு காட்டுகிறது. அடுத்து சான்றின் எல்லை: ஒரு குழந்தையின் மரணத்தை வைத்து இந்தக் கட்டணம் லண்டன் முழுவதும் பலன் தரும் என்று சொல்லிவிட முடியாது, அதற்குக் காற்றுத் தர அளவீடுகள் வேண்டும். பிறகு எதிர்க்கருத்து: இரவு ஷிப்ட்டுக்குப் பழைய டீசல் வண்டியில் போகும் பராமரிப்புப் பணியாளருக்கு 12.50 பவுண்டு பெரிய பணம். கடைசியாகப் பதில்: அது வண்டி மாற்றுவதற்கு உதவித்தொகை கேட்பதற்கான காரணம், திட்டத்தையே கைவிடுவதற்கான காரணம் அல்ல.

இந்த முடிவோடு நீங்கள் முரண்படலாம். எங்கே முரண்படுகிறோம், சான்றிலா, விளக்கத்திலா, பதிலிலா என்று விரல் வைத்துக் காட்டவும் முடியும். அப்படிக் காட்ட முடிகிற பத்தியைத்தான் பல்கலைக்கழகம் கேட்கிறது.

பவணந்தியார் சொன்னது

"இதெல்லாம் வெள்ளைக்காரன் முறை, நமக்கு வராது" என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது சிரிப்புத்தான் வருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரப் பகுதியைப் பாருங்கள். காண்டிகை உரை எப்படி இருக்க வேண்டும் என்று ஐந்து உறுப்புகளைச் சொல்கிறார்: கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை. கருத்தைச் சொல், விளக்கு, உதாரணம் காட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவன் கேட்கக்கூடிய கேள்வியை நீயே எழுப்பு, அதற்குப் பதிலும் சொல். நம்ம பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் "பாயின்ட், எவிடன்ஸ், எக்ஸ்பிளேன்" இதில் அடங்கிவிட்டது. வினா விடை கூடுதல் லாபம்.

அதே பாயிரத்தில் ஏழு மதம் என்று ஒன்று வருகிறது. பிறர் கருத்தை எதிர்கொள்ளும்போது ஒரு நூலாசிரியனுக்கு இருக்கும் வழிகள் அவை. உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு தள்ளலாம், தானே ஒன்றைச் சொல்லி நிலைநாட்டலாம், இருவர் முரண்பட்டால் ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டலாம், யாரோடும் சேராமல் தன் கருத்தைக் கொள்ளலாம். கிரிட்டிக்கல் அனாலிசிஸ் என்றால் என்னவென்று தெரியாமல் முழிக்கும் மாணவனுக்கு இதைவிடத் தெளிவான பட்டியல் கொடுக்க முடியுமா? ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையைப் படித்ததும் "இந்த ஏழில் நான் எதைச் செய்யப் போகிறேன்?" என்று கேட்டுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களையும் நன்னூல் சொல்கிறது. கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், மாறுகொளக் கூறல் என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னதையே சொல்வது, தலைப்பை விட்டு வேறொன்றை விரிப்பது, முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவது. பேராசிரியர்கள் ஓரத்தில் எழுதும் குறிப்புகளில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் வந்துவிடும்.

மேற்கோள் காட்டுவதும் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியர் இலக்கணம் சொல்லும்போது "என்ப" என்று அடிக்கடி முடிப்பார். இது முன்னோர் சொன்னது என்று சொல்வதில் அவருக்குக் கூச்சம் இல்லை. நம்ம பையன்தான் நாலு இணையதளத்திலிருந்து எடுத்து, வார்த்தைகளை மாற்றிப்போட்டு, "டர்னிட்டின்ல பன்னிரண்டு சதவீதம்தான் காட்டுது, தப்பிச்சாச்சு" என்று நிம்மதி அடைகிறான். டர்னிட்டின் காட்டும் எண் எழுத்து ஒற்றுமைதான், தீர்ப்பு அல்ல. முறையாக மேற்கோள் காட்டியிருந்தால் அதிக சதவீதம்கூடக் குற்றமாகாது. வார்த்தையை மாற்றிக் கருத்தை எடுத்து, யாருடையது என்று சொல்லாவிட்டால் குறைந்த சதவீதமும் திருட்டுதான்.

குறுக்கு வழியின் விலை

இந்தத் தடுமாற்றத்தை வைத்து ஒரு வியாபாரமே நடக்கிறது. "அசைன்மென்ட் உதவி, நியாயமான கட்டணம்" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வரும், சில நேரம் நம்ம தமிழிலேயே. இங்கிலாந்தில் 2022 ஏப்ரலில் வந்த கல்விச் சட்டத்தின்படி இப்படிக் காசுக்கு எழுதிக்கொடுப்பதும் அதை விளம்பரம் செய்வதும் குற்றம். எழுதி வாங்கும் மாணவன் மேல் அந்தச் சட்டம் பாயாது. ஆனால் பல்கலைக்கழகம் விசாரித்து வெளியேற்றினால் அந்தத் தகவல் உள்துறை அலுவலகத்துக்குப் போகும், விசாவும் போகும். வீட்டுப் பத்திரம் மட்டும் வங்கியிலேயே இருக்கும்.

இப்போது சாட்ஜிபிடி வந்துவிட்டதே, எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். தினமும் மென்பொருள் துறையில் வேலை செய்கிறவனாகச் சொல்கிறேன்: எழுதிக்கொடுக்கும் இயந்திரம் மலிந்த பிறகுதான், எழுதியது சரியா என்று பார்க்கத் தெரிந்தவருக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. எங்கள் வேலையில் ஒரு புது வடிவமைப்பை முன்வைத்தால், ஏன் இந்த வழி, ஏன் அந்த வழி வேண்டாம் என்று எழுதித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும். அமேசானில் 2004-லேயே உயர்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்புகளைக் கொண்டுவந்தார் ஜெஃப் பெசோஸ். புள்ளி வைத்து அடுக்கினால் யோசிக்காமலேயே யோசித்ததுபோல் காட்டிவிடலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. பாயின்ட், எவிடன்ஸ் என்று சூத்திரம் போட்டு எழுதினால் எல்லாக் கட்டுரையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிடும் என்று இங்குள்ள ஆசிரியர்களே சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் கோலம் போடப் பழகும்போது புள்ளி வைக்காமல் யாரும் தொடங்குவதில்லை. கை பழகிய பிறகு புள்ளியை விட்டுவிடலாம்.

என்ன செய்யலாம்?

மாணவர்களுக்கு: எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரிகளை மட்டும் வரிசையாகப் படித்தால் உங்கள் வாதம் புரிய வேண்டும். புரியாவிட்டால் பத்திகளைக் கூட்டிப் பயனில்லை. இங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எழுத்துப் பயிற்சிக்கென்றே இலவசப் பிரிவு உண்டு. கட்டிய கட்டணத்தில் அதுவும் சேர்த்தி. முதல் மாதமே போய்க் கதவைத் தட்டுங்கள்.

தமிழ்ப் பள்ளிகளுக்கு: சனி, ஞாயிறுகளில் ஆண்டு விழாவுக்காக மனப்பாடப் பேச்சுக்குச் செலவிடும் நேரத்தில் கொஞ்சம், வாரம் ஒரு பத்திக்குக் கொடுங்கள். "கைபேசி பள்ளிக்குத் தேவையா?" என்று கேட்டு ஆறு வாக்கியம் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஏ.க்யூ.ஏ. வாரியத்தின் ஜி.சி.எஸ்.இ. ஆங்கில மொழி இரண்டாம் தாளில் இப்படிக் கருத்தை வாதிட்டு எழுதும் ஒரே கேள்விக்கு 80-ல் 40 மதிப்பெண். அதில் 24 உள்ளடக்கத்துக்கும் ஒழுங்குக்கும், 16 மட்டுமே எழுத்துப் பிழை, இலக்கணம் போன்றவற்றுக்கு. தமிழில் பழகிய யோசனை ஆங்கிலத் தாளிலும் கைகொடுக்கும். தமிழ் வகுப்பு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கும் அதில் ஒரு பதில் கிடைக்கும்.

பெற்றோருக்கு: பிள்ளை ஏதாவது சொன்னால் "எதிர்த்துப் பேசாதே" என்று அடக்குவதற்குப் பதிலாக, "எதை வைத்து அப்படிச் சொல்றே? வேற யாராவது இல்லைன்னு சொன்னா என்ன பதில் சொல்லுவே?" என்று கேட்டுப் பாருங்கள். ட்யூஷனுக்கு மணிக்கு இத்தனை பவுண்டு கொடுத்து வாங்கும் பயிற்சி, சாப்பாட்டு மேசையில் சும்மா கிடைக்கும். அந்தப் பதிலைக் கேட்க நமக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.