வினைக்குள் நிற்கும் விளக்கம்

ஆங்கில வினைச்சொற்கள் செயலை மட்டும் கூறுவதில்லை. அச்செயலின் பாங்கையும் உடன்கூறும் என்றும், தமிழ் வினைகட்கு அவ்வாற்றல் இல்லை என்றும் ஆங்கிலம் பயின்ற தமிழர் சிலர் கூறி வருகின்றனர். இக்கூற்றின் முற்பாதி உண்மை. பிற்பாதி அறியாமை.

முற்பாதியை மறுப்பது முறையன்று. ஆவணித் திங்களில் வேளாங்கண்ணிப் பெருவிழாவிற்குக் கால்நடையாய் வருவோரைக் கருதுக. ஆகசுட்டு 29-இல் கொடியேறுமுன்னரே நாகைச் சாலையில் அவர்தம் கூட்டத்தைக் காணலாம். அனைவரும் நடக்கின்றனர்; ஆயின் ஒருவர்போல் ஒருவர் நடப்பதில்லை. களைத்த காலை வருந்தி எடுத்து வைப்பவனுக்கு ஆங்கிலன் 'டிரட்சு' என்னும் வினையை வைத்துள்ளான். அடியைத் தரையில் தேய்த்துச் செல்பவனுக்குச் 'சபிள்' என்பான்; தள்ளாடுபவனுக்கு 'இசுடாகர்' என்பான். அடைமொழி ஒன்றும் வேண்டாமலே வினை, நடையையும் நடப்பவன் நிலையையும் காட்டிவிடுகின்றது.

அவ்வாங்கிலமே செல்லும் வழியை வினைக்கு வெளியே ஒரு சிறு சொல்லில் வைக்கும். அமெரிக்க மொழிநூலார் இலெனார்டு தால்மி 1985-இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வேறுபாட்டை விரித்துக் காட்டினார். தமிழ் நேர்மாறானது. புகு, ஏறு, இறங்கு, கட, நுழை என வழி வினைமுற்றில் நிற்கும். பாங்கு வினையெச்சத்தில் நிற்கும். 'நொண்டிக்கொண்டே கோயிலுட் புகுந்தான்' என்பது தமிழ் நடை. வேளாங்கண்ணி மணற்பாதையில் நேர்ச்சைக்காக முழந்தாளால் செல்வோரை 'முழந்தாளிட்டு ஊர்ந்து செல்கின்றனர்' என்கிறோம். இது குறைபாடன்று. எச்சத்தின்மேல் எச்சம் அடுக்கும் ஆற்றல் தமிழுக்கு உண்டு. தத்தித் தவழ்ந்து எழுந்து விழுந்து வந்த குழந்தையை ஆங்கிலத்தில் ஒரே தொடரில் அடக்க முயல்வார் அதன் அருமை அறிவர். 'மெதுவாக', 'வேகமாக' என்னும் இரண்டே அடைகளால் எல்லா நடையையும் பெயர்த்தெழுதும் மொழிபெயர்ப்பாளரே தமிழை ஏழையாக்குவோர். அவற்றுள் 'வேகம்' தமிழுமன்று.

இனிப் பிற்பாதி. தமிழ் வினை தானே விளக்கம் தாங்காதா? தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் பிரித்து வைத்தார். இழிந்தோன் இரக்குங்கால் ஈ என்பான். ஒப்போன் தா என்பான். உயர்ந்தோன் கொடு என்பான். கேட்பவன் யாவன் என்பதையே வினை சொல்லிவிடும். ஆங்கிலத்தில் மூன்றிற்கும் 'கிவ்' ஒன்றே நின்று உழைக்கின்றது.

நெல்விளையும் காவிரிக் கடைமடைக்கு வருக. காற்றெதிரே உயரத்தினின்று நெல்லைச் சொரிந்து பதர் போக்குதல் தூற்றுதல். முறத்தில் எற்றித் தட்டிப் பதரும் உமியும் பறக்கச் செய்தல் புடைத்தல். முறத்தைச் சாய்த்து அலைத்து நொய்யும் மணலும் ஒதுங்கச் செய்தல் கொழித்தல். மென்மையாய்த் தட்டி நுண்ணியதைப் பிரித்தல் தெள்ளுதல். பெரியதையும் சிறியதையும் வேறாக்குதல் நாவுதல். ஆங்கில அகரமுதலியார்க்கு 'வின்னோ', 'சிப்ட்' என்னும் இரண்டொரு சொல்லே கைவர, எஞ்சியவற்றை நீண்ட தொடர்களால் விளக்க நேர்ந்தது. கடலலை நுண்மணலைக் கரையில் ஒதுக்குவதையும் தமிழர் கொழித்தல் என்றே கூறினர். முறத்தின் அசைவை அலையில் கண்ட கண்ணுக்கு வேறு சான்று வேண்டா.

இவ்வினைகள் இன்று எங்கே? அறுவடைப் பொறி வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொட்டிவிட, களத்தில் தூற்றுவார் அரியர். தொழில் போனால் சொல் தளர்வது இயல்பு என்று ஆறலாம். ஆனால் அடுக்களையில் தொழில் போகவில்லையே! மாவைப் பிசைதல், களியைக் கிண்டுதல், பொரியலைக் கிளறுதல், கஞ்சியைத் துழாவுதல், பருப்பைக் கடைதல், பாலில் நீர் கலத்தல் ஆகிய அனைத்தும் இன்று 'மிக்சு பண்ணு' என்னும் ஒன்றிற்குள் விழுந்துகொண்டிருக்கின்றன. ஆங்கிலனோ பிசைதற்கு ஒன்று, துழாவுதற்கு ஒன்று, கடைதற்கு ஒன்று எனத் தன் வினைகளைக் கைவிடாது காக்கின்றான். அவனுடையதையும் முழுதும் கொள்ளாது, தம்முடையதையும் விட்டு நிற்போர் தமிழரே.

இதன் இலக்கணக் காரணம் எளிது. தமிழ் வினை காலமும் இடமும் காட்டும் ஈறுகளை ஏற்கும். அயற்சொல் எளிதில் ஏலாது. ஆகவே அயல்வினை பெயர்போல் வந்து நிற்க, ஈறுகளைப் 'பண்ணு' சுமக்கின்றது. பெயர்ச்சொல் ஒன்று கடன்வந்தால் ஒரு தமிழ்ப்பெயர் ஒதுங்கும். வினை ஒன்று கடன்வந்தால் ஒரு குடும்பமே ஒதுங்கும். தனித்தமிழ்த் தொண்டர் இத்துணை ஆண்டும் பெயர்களையே பெரிதும் காத்தனர். பேருந்து வந்தது, மிதிவண்டி வந்தது, நன்று. ஆயின் அப்பேருந்தைத் தவறவிட்டவன் 'பேருந்தை மிசு பண்ணிவிட்டேன்' என்கிறான்.

கீழ்வேளூர், திருக்குவளைப் பக்கத்துச் சிற்றூர்களில் முறம் பிடித்துப் பழகிய மூதாட்டியர் இன்னும் உளர். தமிழாசிரியர் தம் மாணவரை அவர்பால் விடுப்பாராக. கொழித்தலுக்கும் தெள்ளுதலுக்கும் உள்ள வேறுபாட்டைச் செவியால் கேட்டால் போதாது. முறத்தைக் கையில் வாங்கிச் செய்துபார்த்து, பின்னர் எழுதி வரச் செய்க.