ஈமக்காட்டு மேட்டை அளந்து எல்லைக்கல் நடக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தொல்லியல் அலுவலர் அவர்கள்.

பார்வை: பதில் வரப்பெறாத எங்கள் முந்தைய மனுக்கள்.

ஐயா,

எங்கள் ஊர் விவசாயிகள் சங்கப் பொதுக்குழுத் தீர்மானத்தின்படி இம்மனுவை அளிக்கிறோம்.

ஊருக்கு மேற்கே ஏரிக்கரையை ஒட்டிய மேடு, மத்திய அரசால் பாதுகாக்கப்பட்ட பெருங்கற்கால ஈமக்காடு. மதுராந்தகத்தை அடுத்த சானூரில் 1950லும் 1952லும் பானர்ஜியும் சௌந்தரராஜனும் அகழ்ந்து பார்த்தார்களே, அதே வகைக் கல்வட்டங்கள்தான் இங்கும். எங்கள் பாட்டன்மார் அதன்மேல் ஏர் பூட்டியதில்லை.

முன்பு எழுதியதையே மீண்டும் எழுதுகிறோம். தென்சரிவில் இரவு நேரத்தில் பொக்லைன் வைத்துக் கிராவல் அள்ளுகிறார்கள். வட்டக் கற்கள் புரண்டு கிடக்கின்றன. தாழி ஓடுகள் லாரித் தடத்தில் நொறுங்குகின்றன. வருவாய்த் துறையிடம் முறையிட்டால் தொல்லியல் எல்லை எதுவென்று தெரியாது என்கிறார்கள். தொல்லியல் தரப்பில் கேட்டால் வருவாய்த் துறை அளந்து தரட்டும் என்கிறார்கள்.

1958ஆம் ஆண்டு நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தில் 2010 திருத்தம் சேர்த்த 20ஏ பிரிவைத் தயவுசெய்து படித்துப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையில் தொடங்கி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி என்கிறது அது. எல்லையே குறிக்கப்படாத இடத்தில் அந்த 100 மீட்டரை எங்கிருந்து அளப்பது? ஆனாலும் மேட்டுத் தெருவில் மழைக்கு இடிந்த சுவரை எடுத்துக் கட்டியவர்களுக்கு வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. எங்கிருந்து அளந்தார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்க 20சி பிரிவு வழி விடுகிறது. விண்ணப்பத்தை 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 20டி பிரிவு கெடுவும் வைக்கிறது. எல்லை வரைபடம் இல்லை என்று சொல்லியே எங்கள் மக்களின் விண்ணப்பங்களைத் திருப்பிவிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியில் அனுமதியின்றித் தோண்டக் கூடாது என்னும் 19ஆம் பிரிவோ மண் அள்ளுகிறவர்கள் மீது இன்றுவரை பாயவில்லை. சுவர் கட்டும் ஏழைக்கு மட்டும் இருக்கும் எல்லையை நாங்கள் ஏற்க முடியாது.

ஆகவே சர்வேயரும் தொல்லியல் அலுவலரும் ஒரே நாளில் வந்து, ஊரார் முன்னிலையில் புல எண்வாரியாக அளந்து கல் நட வேண்டும். வரைபட நகலை ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும். அதுவரை தென்சரிவு வண்டிப்பாதையை அடைத்து வைக்க வேண்டும்.

மேலும்,
சாயம் போன அறிவிப்புப் பலகையை மாற்றித் தருதல்;
சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்காமல் அடியோடு வெட்டி அகற்றுதல்;
இரவுக் காவலர் நியமித்தல்.

அளக்க வரும் தேதியை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். வாய்மொழி உறுதியைச் சங்கம் இனி ஏற்பதற்கில்லை.

இப்படிக்கு,
செயலாளர்