லாரித் தொழிலாளியின் நாளைய ஜீவனம்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எந்த லாரி ஷெட்டுக்குப் போனாலும் ஒரே புலம்பல்: "வண்டி நிற்கிறது, டிரைவர் கிடைக்கவில்லை." நாட்டில் 22 லட்சம் டிரைவர்கள் குறைவு என்று மத்திய மந்திரி கட்கரியே கணக்குச் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் அமெரிக்காவிலிருந்து வேறொரு செய்தி வந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகருக்கும் ஹூஸ்டன் நகருக்கும் இடையே, 2025இல், அரோரா என்ற கம்பெனி ஸ்டீயரிங்கில் ஆளே இல்லாமல் சரக்கு லாரியை ஓட்டத் தொடங்கியது. சில வாரங்களிலேயே, வண்டி செய்து கொடுத்த கம்பெனி கேட்டுக்கொண்டதால், ஒரு ஆளை மறுபடியும் முன் ஸீட்டில் உட்கார வைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஆள் போதவில்லை என்று ஒரு குரல், ஆளே வேண்டாம் என்று மறு குரல். நடுவே நிற்கும் லாரித் தொழிலாளி, தன் மகனை இந்தத் தொழிலில் விடுவதா வேண்டாமா என்று திகைக்கிறான்.

யந்திரத்தைக் கண்டு அலறுகிறவர்கள் அல்ல நாம். ஆனால் கோன் வைண்டிங் இலாகாவில் ஆட்டோகோனர் வந்தபோது மிச்சமான உழைப்பு மில் தொழிலாளிக்கு ஓய்வாக வந்ததா? தஞ்சை வயலில் அறுவடை மிஷின் இறங்கியபோது மிச்சமான கூலி யார் மடியில் சேர்ந்தது? நம் வாசகர்களுக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வீடுகளின் பையன்களில் பலர் பிழைப்புத் தேடி லாரியில் ஏறினார்கள். கிளீனராகத்தான் ஏறினார்கள்.

கிளீனர் என்றால் வண்டி துடைக்கிறவன் மட்டுமா? தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டுவான். டயரைத் தட்டிப் பார்ப்பான். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று குரல் கொடுப்பான். நடுராத்திரியில் டிரைவருக்குக் கண் சொக்காமல் பேச்சுக் கொடுப்பான். சில வருஷம் இப்படிக் கழித்து, காலி ரோட்டில் ஸ்டீயரிங் பிடித்துப் பழகி, லைசென்ஸ் எடுத்து டிரைவர் ஆவான். சம்பளம் கட்டாமல் ஏழைப் பையன் படித்த பள்ளிக்கூடம் அது.

இன்று எத்தனை லாரியில் கிளீனர் இருக்கிறான்? அவன் வேலையை எந்த யந்திரமும் பறிக்கவில்லை. ஒரு ஆளின் படியும் சாப்பாடும் மிச்சம் என்று கணக்கு எழுதிய பேனா பறித்தது. தேசிய பெர்மிட் லாரியில் இரண்டு டிரைவர் வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2018இல் சர்க்கார் அதையும் தளர்த்தியது. இப்போது டிரைவரே கிளீனர், டிரைவரே ராக்காவல். பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியவர்கள், பிள்ளைகள் படிக்க வரவில்லை என்று அழுகிறார்கள்!

ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரின் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. அவர்களில் பலர் நேற்றைய டிரைவர்கள். டீசலும் டோலும் இன்ஷூரன்ஸும் பைனான்ஸ் தவணையும் அவரை நெருக்குகின்றன. வாடகையை நிர்ணயிப்பதோ பெரிய கம்பெனிகளும் புரோக்கர்களும். ஆனால் அந்தச் சுமையை அவர் இறக்கி வைப்பது டிரைவர் தோளில்தானே!

சட்டம் என்ன செய்தது? 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று பொதுவாக வரம்பு கட்டியது. ஆனால் 5 தொழிலாளருக்குக் குறைந்த இடங்களுக்குப் பொதுவாக அது இல்லை. மோட்டார் வாகனச் சட்டமும் அதே நேரக் கணக்கைச் சொல்லிற்று. டோல்கேட்டில் ஒரு நொடியில் பணத்தை எடுத்துக்கொள்ளும் சர்க்கார், இந்த டிரைவர் எத்தனை மணி நேரமாகக் கண் விழித்திருக்கிறான் என்று எந்த கேட்டிலாவது கேட்டதுண்டா? 2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் 1961ஆம் வருஷத்துச் சட்டத்தை விழுங்கிவிட்டு, 5 என்ற எண்ணை 10 ஆக்கியது. இதற்குப் பெயர் சீர்திருத்தமாம்!

2025 அக்டோபர் முதல் செய்யப்படும் புதிய லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். நல்லது, வரவேற்கிறோம். வெயிலில் எஞ்சின் சூட்டோடு வெந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். கேபின் குளிர்ந்துவிட்டது என்று இன்னும் நாலு மணி நேரம் கூடுதலாக ஓட்டச் சொல்லாமல் இருந்தால் சரி.

டிரைவர் இல்லாத வண்டியை அனுமதிக்க மாட்டேன் என்று கட்கரி 2023இல் சொன்னார். வாய்வார்த்தைதான், மந்திரிகள் மாறுவார்கள். 2024 ஜனவரி முதல் இரண்டு நாட்களை நினைத்துப் பாருங்கள். உயிர் போன விபத்தைத் தெரிவிக்காமல் அந்த இடத்திலிருந்து போய்விட்டால் 10 வருஷம் வரை சிறை என்ற புதிய பிரிவை எதிர்த்து, பல மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். சர்க்கார் இறங்கி வந்தது. அந்த ஜூலை முதல் தேதி புதிய குற்றவியல் சட்டங்கள் அமலானபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது, நீக்கப்படவில்லை.

ஒற்றை லாரிக்கும் 8 மணி நேரச் சட்டம் வேண்டும். தொலைதூர வண்டியில் இரண்டாவது ஆள் வேண்டும். டிரிப் படிக்குப் பதில் மாதச் சம்பளமும், பி.எப்.பும், இ.எஸ்.ஐ.யும் வேண்டும். ஆளில்லா வண்டி என்றைக்காவது வருவதானால், வேலை இழக்கிறவனுக்கு மாற்று வேலைக்கு வழி செய்துவிட்டு வரட்டும். இவற்றைக் கேட்க லாரித் தொழிலாளிக்குச் சங்கம் வேண்டும். ஆனால் அவன் ஓரிடத்தில் நிற்கிறவனல்ல. பஞ்சு பேல் இறக்க மில் வாசலிலும், நெல் மூட்டை ஏற்றக் கொள்முதல் நிலையத்திலும் காத்துக் கிடக்கிற சில மணி நேரத்தில்தான் அவனைப் பார்க்க முடியும். அங்கே இருப்பவர்கள் நீங்கள். அடுத்த லாரி வந்து நிற்கும்போது, எங்கிருந்து வருகிறாய், தூங்கி எத்தனை நேரமாயிற்று என்று கேட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை ஆரம்பியுங்கள்.