பட்டியல் பார்த்தா நெஞ்சுவலி வரும்?



மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோரிடம் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்காக 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். புதுச்சேரியின் சேதராப்பட்டு ஆலையில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், கோரிமேடு இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரை போக நேரமிருக்காது; அருகிலுள்ள தனியார் மருத்துவமனைதான். அந்தச் செலவைத் திருப்பித் தர 1950 இ.எஸ்.ஐ. விதிமுறைகளின் 96-ஏ பிரிவு இடம் தருகிறது. ஆனால் கைக்கு வருவது மத்திய அரசு சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். நிர்ணயித்த கட்டண அளவுக்குள்தான், மிச்சம் கடன். முழுத் தொகையும் தந்தால் தனியார் பில்லை ஏற்றிவிடுவார்கள் என்பார்கள். பயம் நியாயமே, ஆனால் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரா பேரம் பேசுவார்? கடிவாளம் போடவேண்டியது மருத்துவமனைக்கு. அரசு அங்கீகரித்த பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்பதற்காக மட்டும் பணத்தை மறுக்கக் கூடாது என்று, மத்திய அரசு ஓய்வூதியர் சிவகாந்த் ஜா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நியாயம் ஆலைத் தொழிலாளிக்கும் பொருந்தும். முதல் வேலையாக, எந்தெந்தச் சான்றும் ரசீதும் வேண்டும் என்று ஒவ்வொரு இ.எஸ்.ஐ. மருந்தக வாசலிலும் தமிழில் பலகை வைக்கட்டும்.

– ஒரு வாசகர், புதுச்சேரி