புகைக்கூடு கட்டினால் போதுமா?

கிடுகுக் குசினியில் சமைத்து வாழ்ந்த எமது மக்களுக்குப் புகைக்கூடு புதிதாக வந்த ஒன்றாகும். முன்னர் கூரையினூடாகவே புகை வெளியேறியது. அதனால் கூரை வேயத் தெரிந்த எமக்குப் புகைக்கூடு துடைக்கும் பழக்கம் இருக்கவில்லை. 2009 இல் போர் முடிந்து, முகாம்களிலிருந்து திரும்பிய பின்னர் வன்னியெங்கும் கல்வீடுகள் எழுந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் மாத்திரம் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வரையான வீடுகள் கட்டப்பட்டன. ஒரு வீட்டுக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம் ரூபா. மிகுதிக்குக் கடன்பட்டோர் பலர். இத்தகைய கல்வீடுகள் பலவற்றின் குசினியில் புகைக்கூடும் உண்டு. ஆனால் அதைப் பராமரிக்கும் வழியை எவரும் சொல்லித்தரவில்லை.

இது சிறிய விடயமல்ல. வீட்டினுள் சூழும் அடுப்புப் புகை முதலியவற்றால் 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலிலும் சமையல் புகையால் மக்கள் நோயுறுவதைச் சுட்டிக்காட்டினார். 2022 இல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது நகரத்தவரும் விறகடுப்பைத் தேடினர். எமக்கோ விறகு என்றும் கைவிடாத எரிபொருள்.

புகைக்கூடு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இந்தியாவின் ஒடிசா மாநிலம் பாடமாக உள்ளது. அங்கு புகைக்கூட்டுடன் கூடிய மண்ணடுப்புகள் கிராமங்களுக்கு வழங்கப்பட்டன. சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை அவதானித்த ஆய்வொன்று 2012 இல் வெளிவந்தது. முதலாம் ஆண்டில் சமைப்போர் சுவாசித்த புகை குறைந்தது. பின்னர் அந்த நன்மை மறைந்துவிட்டது. அடுப்பை ஒழுங்காகப் பாவிக்காததும் பராமரிக்காததுமே காரணம்.

ஈரவிறகு புகைந்து எரியும்போது கரியோடு தார் போன்ற பசையும் கூட்டின் உட்புறத்தில் படிகின்றது. பாதை ஒடுங்கினால் புகை குசினிக்குள் திரும்பும். படிவு தடித்தால் ஒருநாள் அதுவே தீப்பற்றும். எனவே துடைக்க வேண்டும். ஆனால் உடைக்காமல் துடைக்க வேண்டும். அலவாங்கால் குத்துவதும், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவதும் சாந்தைப் பெயர்த்துவிடும். அந்த வெடிப்பினூடாகச் செல்லும் அனல் அருகிலுள்ள பனஞ்சலாகையைப் பற்றலாம். ஓலையும் மண்ணெண்ணெயும் இட்டுக் கொளுத்திச் சுத்தம் செய்வது அதைவிட ஆபத்தானது. சூடான கூட்டில் தண்ணீர் ஊற்றினாலும் சுவர் பிளக்கும். தற்காலிகக் கொட்டில்களில் தகரக் குழாய் வைத்திருப்போர் அதைத் தட்டி நெளிக்கக்கூடாது. அஸ்பெஸ்ரஸ் குழாயைச் சுரண்டவே கூடாது. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சாகும். அதை மாற்றிவிடுவதே நல்லது.

சரியான முறை எளிதானது. அடுப்பை அணைத்து ஒருநாள் ஆறவிடுங்கள். அடுப்பு வாயை ஈரச்சாக்கால் மூடுங்கள். கூட்டின் அகலத்துக்குப் பனந்தும்பை அல்லது தென்னந்தும்பைக் கட்டாகக் கட்டி, நீண்ட தடியில் பொருத்தி, கீழிருந்து மெதுவாக மேலும் கீழும் இழுங்கள். கூடு உயரமானால் தும்புக்கட்டின் இருபுறமும் கயிறு கட்டி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக இழுக்கலாம். மேலே நிற்பவர் ஏணியில் நிற்கவேண்டும். ஓட்டிலோ சீற்றிலோ கால் வைக்கக்கூடாது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். இறுதியில் ரோச் வெளிச்சத்தில் வெடிப்பு உண்டா எனப் பாருங்கள். இருந்தால் பூசிய பின்னரே தீ மூட்டுங்கள். மாரி தொடங்குமுன், புரட்டாதியிலேயே இதைச் செய்து, விறகையும் காயவைத்து அடுக்கிவிட வேண்டும். மாரியில் கரி விரைவாகப் படியுமாதலால் தைப்பொங்கலுக்கு முன் மறுமுறையும் பார்ப்பது நன்று.

எமது கருத்து இதுதான். வீடு கட்டித்தரும் நிறுவனங்கள், திருச்சபை அமைப்புகள் உட்பட, புகைக்கூட்டின் அடியில் கரி அள்ளும் சிறுகதவொன்றை வைப்பதையும் துடைக்கும் பயிற்சி அளிப்பதையும் வேலையின் பகுதியாகக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும் பொதுவான தும்புத்தடியும் ஏணியும் வைத்திருக்கலாம். முன்னர் அயலவர் கூடிக் கூரை வேய்ந்தது போல இன்று கூடிப் புகைக்கூடு துடைக்கலாம். ஆண்களும் இதில் இறங்கவேண்டும். புகையைச் சுவாசிப்பவர் பெண் என்பதால் கரியை அள்ளுவதும் அவரது கடமை என்பது நீதியல்ல.

பலமுறை வீட்டை இழந்தவர்கள் நாம். ஷெல்லும் குண்டும் உடைத்ததை எம்மால் தடுக்க முடியவில்லை. கடன்பட்டுக் கட்டிய இந்த வீட்டை எமது கவனயீனம் உடைக்காமல் காப்பது எமது கையிலேயே உள்ளது.