கிடைக்கு வரும் விருந்தாளிகள்



நம் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மா, அமெரிக்காவில் பணிபுரியும் தம் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்துவிட்டுச் சென்ற ஐப்பசியில் ஊர் திரும்பினார். பங்கு இல்லத்திற்கு வந்தவர், தம் கைப்பேசியில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். மகன் ஒரு வண்டி வாங்கியிருக்கிறான். பேருந்து போன்ற தோற்றம். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. விடுமுறை வந்தால் குடும்பம் முழுவதும் அதில் ஏறி, காட்டு ஓரத்தில் அதற்கென்றே ஒதுக்கிய திடலில் நிறுத்தி, மூன்று நான்கு நாள் தங்குவார்களாம். வசந்த காலத்தில் குட்டியோடு மான் வந்தது. கோடைக் காலத்தில் முதுகில் கோடு போட்ட சிற்றணில் வந்து கையில் இருந்த கடலையை நோட்டம் விட்டது. இலையுதிர் காலத்தில் வாத்துகள் அணிவகுத்துத் தெற்கே பறந்தன. கரடி மோப்பம் பிடித்து வந்துவிடும் என்பதால் உணவையெல்லாம் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டுமாம். பேரப்பிள்ளைகள் ஒரு குறிப்பேடு வைத்து, எந்த மாதத்தில் எந்தப் பிராணியைப் பார்த்தோம் என்று எழுதி வருகிறார்களாம்.

"நம்ம ஊர்ல இப்படியெல்லாம் உண்டுமா சாமி?" என்று கேட்டார்.

இந்த வண்டி வீடு வெள்ளைக்காரருக்கும் பழைய வழக்கமன்று. 1885-ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து நாட்டுக் கடற்படை மருத்துவர், குதிரைகள் இழுக்கும் வீடொன்றை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் செய்வித்து, அதில் ஊர் ஊராகச் சுற்றினார். இன்பப் பயணத்திற்கென்றே கட்டப்பட்ட முதல் வண்டி வீடு அதுதான் என்பர். நமக்கு மேற்கே மலைக்கு அப்பால் கேரள அரசும் 2021-இல் இத்தகைய வண்டிச் சுற்றுலாவைத் தொடங்கிவைத்தது. ஆனால், அந்த அம்மாவின் கேள்விக்கு நான் இதையெல்லாம் விடையாகச் சொல்லவில்லை. "உண்டம்மா. உங்கள் சொந்தக் காட்டிலேயே மாசி மாதம் வந்து தங்குகிறார்களே, பார்த்ததில்லையா?" என்றேன். கரிசல் பக்கத்தில் காடு என்றால் புஞ்சை நிலம் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் சற்று யோசித்துவிட்டு, "கிடை போடுறவங்களையா சொல்லுதீய?" என்று சிரித்தார்.

ஆம், அவர்களைத்தான் சொன்னேன்.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் வரை பரந்து கிடக்கும் கரிசல் நிலத்தில், உளுந்தும் பாசிப்பயறும் எடுத்தபின் ஆட்டுக் கிடை வந்து இறங்கும். ஐந்நூறு, ஆயிரம் ஆடுகள். பெரும்பாலும் வெள்ளை உடலில் செம்புள்ளி தெறித்த வேம்பூர்ப் பொட்டு ஆடுகள். இடையிடையே சில கன்னி ஆடுகள். பகலெல்லாம் மேய்ந்த மந்தையை இரவில் ஒருவருடைய நிலத்தில் அடைப்பார்கள். நிலத்திற்கு எரு, கீதாரிக்குக் கூலி. ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம் என்ற பழமொழியை நம் உழவர்கள் இன்றும் மறக்கவில்லை. கி. ராஜநாராயணன் இவர்களைப் பற்றிக் 'கிடை' என்றே ஒரு கதை எழுதினார். அது 'ஒருத்தி' என்ற பெயரில் 2003-இல் திரைப்படமாகவும் வந்தது. இப்போதெல்லாம் கீதாரியின் சட்டி பானை, குட்டிகளை அடைக்கும் கூடு, வலை, கம்பு, தார்ப்பாய் அனைத்தும் குட்டியானை வண்டியில் முன்னே போய்விடுகின்றன. ஆடுகள் மட்டும் பின்னே நடந்து வருகின்றன. வண்டி வீட்டிற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே கரடிக்குப் பயந்து உணவைப் பூட்டுகிறார்கள். இங்கே நாய்க்குப் பயந்து கஞ்சிப் பானையை வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.

ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக் குடிலில், தோளில் ஆட்டுக்குட்டி சுமந்த இடையரைக் களிமண்ணில் செய்து வைக்கிறோம். ஆனால் கோயிலிலிருந்து மூன்று கல் தொலைவில் உயிரோடு நின்ற இடையரிடம், இந்தப் பங்குக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகும்வரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், நோயாளி ஒருவரைச் சந்தித்துவிட்டுத் திரும்பும் வழியில் என் மோட்டார் சைக்கிள் பழுதானது. கிடையில் இருந்த பெரியவர், "இருட்டுல தள்ளிக்கிட்டுப் போகாதீய சாமி, இங்கன படுங்க" என்றார். கேப்பைக்கூழும் சுட்ட கருவாடும் கொடுத்தார். அன்றிரவு நான் கண்டதும் கேட்டதும் என்னை மீண்டும் மீண்டும் அங்கே இழுத்தன. அதன்பின் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிடையில் படுப்பதும், சனிக்கிழமை காலையில் திரும்புவதும் வழக்கமாயின.

எனக்கு ஆசானாக அமைந்தவன் ஒரு சிறுவன். பதினொரு வயது இருக்கும். கீதாரியின் உறவுப்பிள்ளை என்று நானாக எண்ணிக்கொண்டேன். பொழுது சாயும் நேரத்தில் குளத்தங்கரைச் சீமைக்கருவேல மரங்களுக்கு மேலே கருமேகம் ஒன்று சுருண்டது, விரிந்தது, சட்டென்று திரும்பியது. "சூறைக்குருவி" என்றான். சோளக் கதிரைத் தின்பதால் சோளப்பட்சி என்றும் சொல்வார்கள். மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்து, மழைக்காலத்திற்கு முன்பே நம் நாட்டை நோக்கிக் கிளம்பி, சித்திரை வாக்கில் திரும்பிச் செல்பவை இவை. உழவர் இவற்றைத் திட்டுவதுண்டு. ஆயினும், ஆடுகளின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளிகளை இவை பிடித்துத் தின்பதை நான் கண்ணாரக் கண்டேன். சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் வெட்டுக்கிளியை அடக்குவதற்காகவே இவை கூடு கட்டக் கற்களை அடுக்கிக் கொடுக்கிறார்கள் என்று பின்னர் படித்தேன். அங்கே அழைத்து வைத்து உபசரிக்கிறார்கள். இங்கே தகரம் தட்டி விரட்டுகிறோம். விதைத்தவனுடைய வயிற்றெரிச்சலும் நியாயமானதே. அவனை நான் குறை சொல்லமாட்டேன்.

நள்ளிரவு கடந்து கார்த்திகை மீன்கள் மேற்கே சாய்ந்தபோது, கூழாங்கல்லைப் பாறைமேல் போட்டால் துள்ளித் துள்ளி அடங்குமே, அப்படி ஓர் ஓசை கேட்டது. பக்கி என்னும் இரவுப் பறவை அது. மண்பாதையில் மண்ணாகவே கிடக்கும். விளக்கு பட்டால் கண் மட்டும் தணலாய் மின்னும். விடியுமுன் எல்லாப் பறவைகளுக்கும் முந்திக் குரல் கொடுத்தது கரிச்சான். வெளிச்சம் வந்ததும் அது ஓர் ஆட்டின் முதுகில் ஏறிக்கொண்டு, அரசனைப் போல் பவனி வந்தது. உண்ணிக்கொக்குகள் பின்னே வரிசையாக நடந்தன.

பங்குனியில் நான் மறுபடி சென்றபோது, கிடை வேறொரு நிலத்திற்கு மாறியிருந்தது. சூறைக்குருவிகள் குறைந்திருந்தன. சிறுவன் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வெறுந்தரையைக் காட்டினான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தபின்தான், கரிசல் கட்டியின் நிறத்திலேயே புள்ளியிட்ட நான்கு முட்டைகள் தெரிந்தன. ஆட்காட்டிக் குருவியின் முட்டைகள்! கூடு என்று ஒன்றும் கிடையாது. தரையில் சிறு குழி, சுற்றிச் சில கற்கள், அவ்வளவே. வெயிலில் முட்டை வெந்துவிடாதபடி, தாய்ப்பறவை தன் வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து அவற்றின்மேல் அமரும். மந்தை நெருங்கினால், அந்தச் சிறு பறவை சிறகை விரித்து ஆட்டுக்கு எதிரே நின்று கத்தும். ஆடுகள் விலகிப் போவதும் உண்டு. ஆனால் ஆயிரம் ஆட்டில் ஒன்று விலகாவிட்டால்? எனவே சிறுவன் அந்த இடத்தைச் சுற்றி உடைமுள் வெட்டிப் போட்டிருந்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. "ராத்திரி நரி வந்தா அதுதான் மொதல்ல கத்தும் சாமி. நமக்குக் காவக்காரன்" என்று காரணம் சொன்னான். நரியைவிட இப்போது ஊர் நாய்களால்தான் குட்டிகளுக்குச் சேதம் அதிகம் என்று பெரியவர் குறைப்பட்டுக்கொண்டார்.

இவற்றையெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுத வேண்டுமென்று அப்போதே பாதிக் கட்டுரை எழுதி வைத்தேன். அதை முடிக்கவில்லை. அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனி மாதம் பிறந்தது. கரிசலில் காற்று வாரி அடித்தது, காற்றாலைகள் சுழன்றன. வெள்ளிக்கிழமைக்குப் பதிலாக, அந்த மாதம் திங்கட்கிழமை காலையில் கிடைக்குப் போக நேர்ந்தது. பள்ளிகள் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சிறுவன் தொரட்டிக் கம்போடு ஆடுகளுக்கு இலை முறித்துப் போட்டுக்கொண்டிருந்தான். "தம்பி, எந்த வகுப்பு?" என்று கேட்டேன். அவன் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் ஆட்டைப் பார்த்தார். மாசியிலிருந்து ஆனி வரை நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. குருவியின் பெயரையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்ட நான், அவன் தாயின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

அவன் உறவுப்பிள்ளை அல்லன். தகப்பனின் மருத்துவச் செலவுக்கு முன்பணம் கொடுத்து அழைத்து வரப்பட்ட பிள்ளை. காவிரிப் படுகை மாவட்டங்களில் ஆடு மேய்க்கவும் வாத்து மேய்க்கவும் இவ்வாறு அடகு வைக்கப்பட்ட சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்திகளை நாளிதழில் படித்து வருந்தியிருக்கிறேன். அதே செய்தி என் எதிரே நின்று எனக்குப் பறவை காட்டியபோது அடையாளம் தெரியவில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. அச்சட்டப்படி அந்த முன்பணக் கடன் செல்லாது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவரை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கலாகாது என்று 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் திருத்தப்பட்டது. இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நானும் பத்து வயசுல இப்படித்தான் வந்தேன் சாமி. அன்னைக்கி என்னைய யாரும் வந்து கேக்கலையே" என்றார். அவர் கையால் கூழ் வாங்கிக் குடித்தவன் நான். என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

ஒரு வாரம் தயங்கினேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. பின்னர் 1098 என்ற எண்ணில் தெரிவித்தேன். அதிகாரிகள் வந்து முறைப்படி விசாரித்து, சிறுவனைத் தாயிடம் சேர்த்தனர். இப்போது அவன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். கணக்கு வரவில்லையாம், அறிவியலில் கெட்டிக்காரனாம். கீதாரிக்குப் பண நட்டமும், விசாரணைக்கு அலைந்த துன்பமும். அடுத்த மாசியில் அவருடைய கிடை நம் ஊர் எல்லையில் நிற்காமலே கடந்து போயிற்று.

அவருடைய தொழிலும் நாளுக்கு நாள் நெருக்கடியில்தான் இருக்கிறது. முன்பு ஆனி ஆடியில் சாரல் பசுமையைத் தேடிச் சிவகிரி, புளியங்குடி மலையடிவாரத்திற்கு மந்தையை ஓட்டுவார்களாம். 2015-இல் அம்மலைகள் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாயின. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சல் கூடாதென்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. யானைக்கும் கரடிக்கும் அவற்றின் இடத்தை விடுவது முறைதான். ஆனால் அம்மாதங்களில் ஆடு எங்கே போகும்? குளத்து உள்வாயும் சாலை ஓரமும் எத்தனை மந்தைக்குப் போதும்? கூந்தன்குளத்தில் ஊர் மக்களும் பறவைகளும் ஒத்து வாழ்வதை இங்கே எண்ணிப் பார்க்கிறேன். அது 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்படுமுன்பே, அவ்வூரார் பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதை விட்டிருந்தனர். பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு எருவாக்கிக்கொண்டனர். அங்கே பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே குளம் போதுமாயிருந்தது. மலையடிவாரத்தில் கணக்கு அவ்வளவு எளிதன்று.

சென்ற ஆண்டு, நம் கோயில் நிலத்தில் கிடை போட வருமாறு உபதேசியார் மூலம் பெரியவருக்குச் சொல்லியனுப்பினேன். வந்தார். கூலி பேசியதெல்லாம் உபதேசியாரிடம்தான், என்னோடு பேச்சில்லை. நான்காம் நாள் இரவு கடுங்காப்பி கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார். வெகுநேரம் கழித்து, "பையன் படிக்கானா?" என்று கேட்டார். படிக்கிறான் என்றேன். இப்போது அவரோடு இருப்பவர்கள் அவருடைய தம்பியும் மருமகனும். இருவரும் வளர்ந்த ஆட்கள்.

இந்த மாசியிலும் அக்கிடை நம் நிலத்திற்கு வருகிறது. பெரியவரிடம் கேட்டுவிட்டேன், வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு குடும்பங்கள் வந்து தங்கலாம் என்கிறார். விரும்புவோர் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். போர்வையும் தண்ணீரும் உங்களுடையவை. கூழுக்கு உரிய பணத்தை அவர் மறுத்தாலும் கையில் கொடுத்துவிட வேண்டும். வானொலிப் பெட்டி, கைப்பேசிப் பாட்டு எதுவும் வேண்டாம். ஆடு மிரண்டால் வலையை அறுத்துக்கொண்டு ஓடும். விளக்கைச் சிவப்புத் துணியால் மூடிக்கொண்டு வாருங்கள். வரப்பை விட்டு இறங்கும்போது தரையைப் பார்த்துக் கால் வையுங்கள். ஆட்காட்டி சில சமயம் மாசிக் கடைசியிலேயே முட்டையிட்டுவிடும். அமெரிக்கா சென்று வந்த அம்மா முதல் வெள்ளிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் புதுக் குறிப்பேடு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறாராம்.