பெயரில்லாப் பெருங்கூட்டம்

நான் வசிக்கும் பிரேசர் டவுனுக்குப் புலிகேசி நகர் என்பதே அரசு ஏட்டுப் பெயர். ஆயினும், நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசானாக இருந்த ஆங்கிலேய அதிகாரியின் பெயரே இன்றும் மக்கள் நாவில் நிற்கிறது. பெயரை நிலைநிறுத்துவது ஆணையன்று, வழக்கே. கலைச்சொல்லாக்கத்துக்கும் இது பொருந்தும். ஓர் ஆழ்கடல் மீனைக் கொண்டு விளக்குகிறேன்.

சைக்ளோதோன் என்னும் பேரினத்தில் பத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. பெரும்பாலானவை விரல் நீளத்தையும் எட்டாதவை. ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே, அரபிக்கடல், வங்கக்கடல் உட்பட உலகக் கடல்களெங்கும் வாழ்கின்றன. வயிற்றுப்புற ஒளியுறுப்புகள் மேலிருந்து கசியும் மங்கிய வெளிச்சத்துக்கு ஈடாக ஒளிர்ந்து, கீழிருந்து நோக்கும் பகைக்கு நிழல் தெரியாமல் மறைக்கின்றன. முதுகெலும்புள்ள உயிர்களில் எண்ணிக்கையால் முதலிடம் இப்பேரினத்துக்கே என்று கருதப்படுகிறது. மதிப்பீடுகள் பல லட்சம் கோடிகளைத் தொடுகின்றன.

இத்தகைய மீனுக்குத் தமிழில் வழங்கும் பெயர் இல்லை. இது மொழியின் வறுமையன்று. வெள்ளை வாவல், கறுப்பு வாவல் என நிறத்தாலும், நாக்கு மீன் என வடிவாலும் பகுத்தறிந்தவர்கள் நம் மீனவர்கள். வலைக்கு வராததற்கு அவர்கள் பெயரிடவில்லை, அவ்வளவே.

அப்பெயரை இனி யார் இடுவது? ‘ஒளிமீன்’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஆழ்கடலில் ஒளிரும் மீன் குடும்பங்கள் பல. அப்பெயர் எதையும் பிரித்துக் காட்டாது. இதன் தனி அடையாளம், சீப்பின் பற்கள்போல் நெருங்கி நிற்கும் நுண்பற்கள் கொண்ட வாய். மீனவர் கண் முதலில் பதிவதும் இத்தகைய உறுப்பில்தான். எனவே ‘சீப்புவாய் மீன்’ என்பதை முன்மொழிகிறேன். குழு அறையில் முடிவு செய்யாமல், கடலோர மக்களிடம் மீனைக் காட்டி அவர்கள் சொல்லையும் கேட்க வேண்டும்.

அவசரம் எதற்கு என்பீர்கள். 2021இல் ரூ. 4,077 கோடி மதிப்பில் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. 6,000 மீட்டர் ஆழம் செல்லும் மத்ஸ்யா கலத்தைச் சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி வருகிறது. இந்தியப் பெருங்கடலின் தரையில் கிடக்கும் கனிம முடிச்சுகள் இத்திட்டத்தின் இலக்குகளுள் ஒன்று. அவற்றை எடுக்கையில் வெளியேறும் சேற்றுநீர் இடைக்கடலில் கலந்தால், இம்மீன்கள் வாழும் அடுக்கே கலங்கும் என அறிவியலாளர் எச்சரிக்கின்றனர்.

அந்த விவாதம் தமிழிலும் நடந்தாக வேண்டும். இழக்கப்போவது எதுவென்று சொல்லக்கூடப் பெயரில்லாதவர்கள், அதைக் காக்கும் வழக்கில் எப்படி வாதிடுவார்கள்?